புளத்கொகுபிட்டியவில் ஒரு ராப் ஒலிப்பதிவு

ராப் பாட்டு எனக்குப் பிடிக்காது. ஆனால் வாரத்தில் ஆறு நாளும் அதைத்தான் கேட்கிறேன். கோடம்பாக்கத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்கு வேலை. பையன்கள் வந்து கத்திவிட்டுப் போவதைத் துடைத்து, இரைச்சலை எடுத்து, காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஆக்கித் தருவேன். இலங்கைக்குப் போனதும் இந்த வேலையாகத்தான். மலை பார்க்கவோ கடல் பார்க்கவோ யாரும் என்னை அனுப்பவில்லை.

எங்கள் கூடத்துக்கு வாடிக்கையாக வரும் ராப் பாடகர் ஒருவர் இருக்கிறார். என் மகன் வயதுதான் இருக்கும். எல்லோரும் 'பாஸ்' என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன். அவருக்குக் கேகாலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து புவனா என்ற பெண் தான் எழுதிப் பாடிய பாட்டொன்றைப் போனில் பதிந்து அனுப்பியிருந்தாள். பின்னால் தப்பு மேளத்தில் ஓர் அடி. அதைக் கேட்டதும் பாஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பாட்டின் கடைசி வரி 'அடி மாமா, இப்ப அடி'. அதை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டு, கூடத்திலிருந்த பையன்கள் அதற்கு ஓர் ஆட்டமும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது.

போனில் எடுத்த பதிவு என்பதால் அடிக்குப் பின்னால் ஒரே இரைச்சல். நான் என்னால் முடிந்தவரை நீக்கினேன்; போதவில்லை. "அண்ணே, நீங்களே நேர்ல போய் சுத்தமா எடுத்துட்டு வந்துருங்க. அந்த அடி வேணும். கூட அந்தப் பொண்ணு குரலும்" என்றார் பாஸ். பதிவு சரியாக வந்தால் புவனாவின் பெயரோடு பாட்டு வெளியாகும் என்று அவளுக்கும் சொல்லியாகிவிட்டது. வழியனுப்பும் உற்சாகத்தில் கூடத்துப் பையன்கள் அந்தத் தப்பு அடியையே என் போனுக்கு அழைப்பொலியாக வைத்துவிட்டார்கள். அதை மாற்ற எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் ஒலிப்பதிவாளன்.

முதல் நாள் முழுக்கப் பஸ்ஸில் போனது. சென்னைப் பஸ்ஸில் யாராவது சத்தமாகப் பாட்டு வைத்தால் நாலு பேர் திட்டுவார்கள். இங்கே பஸ்ஸே பாட்டு வைத்துக்கொண்டு வந்தது, அதுவும் சிங்கள ராப். ஓட்டுநரின் தலைக்கு மேலே புத்தருக்கும் பிள்ளையாருக்கும் பொதுவாக ஒரு பச்சை விளக்கு. அதன் இரு பக்கமும் ஸ்பீக்கர். பின் சீட்டில் ஒரு பெரியவர் கண்டக்டரிடம் சிங்களத்தில் என்னவோ கேட்டார். என் பக்கத்தில் இருந்தவர் எனக்காக அதைத் தமிழில் சொன்னார்: "இவன் பாடுறானா, இல்ல யார்கூடயாவது சண்டை போடுறானான்னு கேக்குறாருங்க." கண்டக்டர் சொன்ன பதிலையும் அவரே சொன்னார்: "சண்டைதானாம். டிக்கெட்டோட சும்மா குடுக்குறாங்களாம்."

புளத்கொகுபிட்டியவில் இறங்கி, ஒரு கடையில் மீன் வைத்த பன்னும் பிளேன் டீயும் சாப்பிட்டேன். பன்னுக்குள் மிளகு தாராளம். டீக்கு எங்கள் ஊர் போலப் பால் கிடையாது, சந்தேகமும் கிடையாது. தேயிலை விளைகிற இடம் என்பது முதல் வாயிலேயே தெரிந்தது. பிறகு தோட்டத்துக்கு ஏறும் சின்ன பஸ். அதில் எல்லோரும் தமிழர்கள். பஸ் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் பாஸ் என்னைக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து தப்பு முழங்கியது.

பஸ் அடங்கிப்போனது. ஓட்டுநர் பாட்டை நிறுத்திவிட்டார். முன் சீட்டில் குடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பி, தாழ்ந்த குரலில், "யாரு வீட்டுலங்க?" என்று கேட்டார்.

யார் வீட்டிலிருந்து போன் என்று கேட்கிறார் என நினைத்து, "சென்னையிலங்க" என்றேன்.

"அய்யோ, அவ்வளவு தூரத்துலயா. வயசானவங்களா?"

"இல்லங்க, சின்ன வயசுதான்."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். நின்றுகொண்டு வந்த எனக்கு உடனே உட்கார இடம் கிடைத்தது. இறங்கும்போது ஓட்டுநர் பெட்டியைத் தூக்கிக் கொடுத்து, "மனசத் தேத்திக்குங்க" என்றார். இலங்கைக்காரர்கள் மிகவும் மரியாதை தெரிந்தவர்கள் என்று மனதில் குறித்துக்கொண்டேன். பயணக் களைப்பை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளும் ஜனங்களை நான் பார்த்ததில்லை.

பஸ் நின்ற இடத்திலிருந்து ஒரு ஆட்டோ ஏற்றிக்கொண்டது. பாதி மேட்டில் அதற்கு மூச்சு நின்றது. நான் இறங்கித் தள்ளினேன். அது என்னை ஏற்றிக்கொள்ள மறந்து மேலே போய்விட்டது. நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது காலில் அட்டைகள். புவனா சோப்புக் கட்டியோடு காத்திருந்தாள். "சார், பிச்சு எடுக்காதீங்க, சோப்பத் தடவுங்க, தானா வுழுந்துரும்" என்பதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

புவனா ஒல்லியான பெண். ருவான்வெல்லைப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிறாள். எனக்காக லீவு போட்டிருந்தாள். ராப்பில் அவள் பெயர் 'அரைப்பேர்'. கொழுந்து குறைந்தால் அன்றைய வேலைக்குப் பாதிதான் பதிவார்களாம், அதற்கு இங்கே அரைப்பேர் என்று சொல்கிறார்கள். சென்னையில் ராப் பையன்கள் தங்களுக்குப் புலி, இடி, பூகம்பம் என்று பெயர் வைத்துக்கொள்வதைப் பார்த்துப் பழகியவன் நான். அரையோடு நிறுத்திக்கொண்ட முதல் ஆளை இங்கேதான் பார்த்தேன்.

என்னைச் சர்ச்சுக்குப் பக்கத்து அறையில் தங்க வைத்தார்கள். பாதர் நல்ல மனிதர். போன நத்தாருக்குப் பையன்களை ராப்பில் கரோல் பாட விட்டாராம். "பாலன் பிறந்துட்டாரா இல்லையான்னு கடைசி வரைக்கும் எனக்குப் புரியல. ஆனா ஞாயித்துக்கிழமை வராத பயலுக எல்லாம் வந்தானுக" என்றார்.

இரண்டாம் நாள் காலையில் கோதுமை ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். ரொட்டியின் கனத்துக்கு எங்கள் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். ஆனால் அந்தச் சம்பலோடு மூன்று உள்ளே போனது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலைவர் வந்தார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர். மடித்துக் கட்டிய சாரம், மோட்டார் சைக்கிள், சட்டைப் பையில் இரண்டு பேனா.

"இந்த ராப்பு வந்த பெறகு நம்ம பயலுகள மேய்க்க முடியலங்க" என்றார். "மின்னெல்லாம் கொறை இருந்தா வந்து தலயச் சொறிஞ்சுகிட்டு நிப்பானுக. இப்ப கைய ஆட்டி ஆட்டி அடுக்குமொழியில கேக்குறானுக. போன மாசம் பெரட்டுல தண்ணிக் கொழாயப் பத்தி ஒருத்தன் சின்னத் தொரகிட்ட பாடியே கேட்டுப்புட்டான்."

"அவர் என்ன சொன்னார்?"

"இன்னொருக்காப் பாடச் சொன்னாரு."

"குழாய் வந்ததா?"

"வந்துச்சு" என்றார் தலைவர், கொஞ்சம் வருத்தத்தோடு. பெரட்டு என்பது காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் இடம்; சின்னத் துரை தோட்டத்தின் உதவி மேனேஜர். அதே குழாய்க்காகத் தலைவர் எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்திருந்தார் என்பதைப் புவனா பிறகு சொன்னாள்.

தலைவர் போனதும் புவனா, சென்னையில் தன் பாட்டை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கேட்கச் சொன்னாள். நான் என் சின்ன ஸ்பீக்கரை எட்டாம் லயத்து வாசலில் வைத்து ஓட விட்டேன். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். தப்பு முழங்கி, 'அடி மாமா, இப்ப அடி' இரண்டு தரம் வந்திருக்கும். அடுத்த வீட்டிலிருந்து ஒருவர் பாய்ந்து வந்து ஸ்பீக்கரைக் கையால் பொத்தினார். அவர்தான் ராசு, புவனாவின் தாய்மாமன், பாட்டில் வரும் தப்பை அடித்தவர்.

"சார், நிப்பாட்டுங்க. இது சாவு மேளம்ங்க."

நிப்பாட்டினேன். அதற்குள் மேல் லயத்திலிருந்து மூன்று பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பாதி வழி இறங்கியிருந்தார்கள். ராசு அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டி, "ஒண்ணும் இல்ல, போங்க, போங்க" என்று கத்தினார். அவர்கள் ஒரு கணம் நின்றார்கள். பிறகு என்னைத் திட்டிக்கொண்டே ஏறினார்கள். பஸ்ஸில் எனக்கு இடம் கொடுத்த அம்மாளை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். அவர் இந்நேரம் பாஸுக்காக எங்கேயாவது ஒரு வேண்டுதல் வைத்திருப்பார்.

எங்கள் ஊரிலும் சாவுக்கு மேளம் உண்டு. அதற்குத் தெருவே ஆடும். அதனால்தான் எங்களில் ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. இந்த அடி வேறு. இரண்டு அடி, ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு. இந்தத் தோட்டத்தில் அந்த அடி கேட்டால் மலையில் இருப்பவர்கள் கொழுந்தை அப்படியே விட்டு இறங்குவார்கள். வேலை நின்றுவிடும். யார் வீடு என்று கேட்டுக்கொண்டு எல்லோரும் அங்கே போவார்கள். துரை உட்பட யாரும் அதைத் தடுப்பதில்லை.

"பொறவு எதுக்கும்மா இத ராப்புல போட்ட?" என்று புவனாவைக் கேட்டேன். ஸ்பீக்கரை எடுத்துத் தன் பாவாடையில் துடைத்துக் கொடுத்தாள். பிறகு உள்ளே கூப்பிட்டுச் சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள்.

அவள் அம்மா பாக்கியம். இந்தத் தோட்டத்தில் பிறந்து, இங்கேயே கொழுந்தெடுத்தவர். கொரோனா சமயத்தில் ஆம்புலன்ஸில் ஏறிப் போனவர் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். அன்றைய சட்டப்படி அங்கிருந்தே எரியூட்டிவிட்டார்கள். எட்டாம் லயத்தையே அடைத்து வைத்திருந்ததால் யாரும் வெளியே வர முடியவில்லை. பிணம் வரவில்லை, தப்பு அடிக்கவில்லை. மலையில் அன்று வேலை நடந்தது. அம்மா இறந்தது பக்கத்து டிவிஷனுக்குத் தெரிய வாரக்கணக்கானது.

"பொண்ணு கலியாணத்துக்குக்கூட அவ்வளவு பேரு வரமாட்டாங்க சார், சாவுக்கு வருவாங்க. அம்மா ஒரு சாவு விடாமப் போவாங்க. அவங்களுக்கு ஒருத்தர் வரல" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

போன வருடம் கீழ் லயத்தில் ஒருவர் இறந்தபோது ராசு அடித்ததை அவள் போனில் பிடித்துக்கொண்டாள். அதன் மேல்தான் அந்தப் பாட்டு. நான் சென்னையில் உட்கார்ந்து மெனக்கெட்டு நீக்கிய இரைச்சல் என்னவென்று அப்போது விளங்கியது. அந்த வீட்டில் ஜனங்கள் அழுத சத்தம் அது.

அவளுக்கு வேண்டியது இதுதான்: ஒரே ஒரு தடவை அந்த மேளத்தை இந்தத் தோட்டத்தில் தன் அம்மாவுக்காக அடிக்க வேண்டும். எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். ராசு தலையை ஆட்டினார். "பொணம் இல்லாம அடிக்கப்படாதுங்க சார். இன்னொரு சாவக் கூப்புட்ட மாதிரி ஆயிரும்." தலைவரும் மறுத்துவிட்டார். கருமாதி முடிந்தவர்களுக்கு மறுபடி மேளமா என்பது அவர் கேள்வி. "மொதல் தடவையே அடிக்கலையே" என்பது புவனாவின் பதில். அதோடு பேச்சு நின்றிருந்தது. சென்னையிலிருந்து ஒலிப்பதிவுக்கு ஆள் வருகிறான் என்றதும் தலைவர் கொஞ்சம் இறங்கி வந்தார்: ஆற்றோரத்துப் பழைய ரப்பர் ஸ்டோரில், கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே ஒரு பொட்டுச் சத்தம் வராமல் அடித்துக்கொள்ளலாம். வெளிநாட்டு வேலைக்கு மட்டும்.

மூன்றாம் நாள் புவனாவோடு ருவான்வெல்லைக்குப் போனேன். அவளுக்குத் தாளம் போட்டுத் தரும் நுவன் அங்கே போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். சிங்களப் பையன். புவனா அவனை 'மல்லி' என்கிறாள், அவன் அவளை 'அக்கே' என்கிறான். தம்பி, அக்கா என்று அர்த்தம். கடையில் முன்பக்கம் உடைந்த போன்கள், பின்பக்கம் முட்டை அட்டைகளை ஒட்டிய ஒரு மூலை. எங்கள் கூடத்தில் லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்ததை அவன் முட்டை தின்று செய்திருந்தான்.

அவன் தமிழ் நன்றாகவே பேசினான். "மொதல்ல நம்ம ஊர்ப் பொடியன்மாரு, தோட்டத்து ஆளுகளோட பேசவே மாட்டாங்க சார். இப்ப ராப் எழுதறதுக்குத் தமிழ் வார்த்தை கேட்டு எங்கிட்ட வாராங்க. கெட்ட வார்த்தைதான் மொதல்ல கேப்பாங்க. பரவால்ல, அப்புடித்தானே எல்லா பாஷையும் தொடங்குது" என்றான். புவனாவின் பாட்டில் இரண்டு வரி சிங்களத்தில் வரும். அது அவன் எழுதியது. அந்த வரிகள் 'அக்காவின் அம்மா என் வீட்டுக்கும் பலாக்காய் அனுப்புவாள்' என்று வரும். பாஸ் அந்த வரிகளை வெட்டிவிட்டார் என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ் வரவில்லை. பாண், அதாவது பிரெட், விற்கும் ஆட்டோ ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. இங்கே பாண் விற்கிற ஆட்டோக்கள் ஒரு மேல்நாட்டு மெட்டைப் பீப்பீ என்று ஊதிக்கொண்டு வரும். மெட்டு கேட்டால் ஜனங்கள் வீட்டிலிருந்து ஓடி வருவார்கள். ஒவ்வொரு வளைவிலும் நின்றோம். நான் பின்னால் கதவோரம் இருந்ததால் பாண் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. சீனி தூவிய பணிஸ் என்கிற பன்தான் நன்றாகப் போயிற்று. ஒலிப்பதிவுத் துறையில் இத்தனை வருடத்தில் நான் செய்ததை இவ்வளவு ஆசையாக யாரும் கை நீட்டி வாங்கியதில்லை.

நான்காம் நாள் ஒலிப்பதிவு. ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற கட்டடம் அது. இப்போது ரப்பரைப் பாலாகவே விற்றுவிடுவதால் சும்மா கிடக்கிறது. சுவரெல்லாம் கரி. சட்டை பட்டால் போகாது என்று எச்சரித்தார்கள், பட்டது, போகவில்லை. தலைவர் வந்து தன் கையாலேயே கதவுகளைச் சாத்திவிட்டு, "முடிஞ்சோன்ன சொல்லி அனுப்புங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

உள்ளே நாங்கள் நால்வர். ராசு ஒரு காகிதத்தைக் கொளுத்தித் தப்பைக் காய வைத்தார். நானும் நுவனும் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டோம். ராசு அடித்தார். நான் பதிந்ததிலேயே இவ்வளவு சுத்தமான தப்பு கிடையாது. தடித்த சுவர், காலிக் கட்டடம், ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை. பாஸ் கேட்டது இதுதான். அப்போதே நான் பெட்டியைக் கட்டியிருக்கலாம்.

புவனா பாட ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். மறுபடி ஆரம்பித்தாள். குரல் எழும்பவில்லை.

"மாமா, இது யாருக்குக் கேக்கும்?" என்றாள்.

"மெட்ராசுக்குக் கேக்கும்" என்றார் ராசு, அவள் முகத்தைப் பார்க்காமல்.

மைக்கைப் பிடித்தபடி சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "எதிரொலி அடிக்குது. கதவைத் திறந்தாத்தான் சரி வரும்" என்றேன்.

எதிரொலி அடிக்கவில்லை. நுவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் காதிலும் ஹெட்போன் இருந்தது, அவனுக்கும் காது இருந்தது.

"ஓவ், ஆமா சார், கடுமையா அடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போய் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தான்.

"தலைவரு சத்தம் போடுவாரு சார்" என்றார் ராசு.

"நான் சொல்லிக்கிறேங்க. இது டெக்னிக்கல்."

ராசு வெளிச்சத்தைப் பார்த்தார். எதிரே ஆறு, அதற்கு மேலே ரப்பர் மரங்கள், அதற்கும் மேலே கொழுந்து மலையில் சின்னச் சின்னதாகப் பெண்கள். பாக்கியம் அவருக்கு அக்கா என்பதை நான் அதுவரை யோசித்துப் பார்க்கவே இல்லை. தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் தாண்டி முற்றத்துக்குப் போனார். அங்கே நின்று அடித்தார். இதற்கு முன்னால் உள்ளே அடித்தது ஒன்றுமே இல்லை.

புவனா அவர் பக்கத்தில் போய் நின்று பாடினாள்.

தப்பு அடிக்கல, சங்கு ஊதல,
தலமாட்டுல ஒரு வெளக்கும் ஏத்தல,
மல எறங்கி யாரும் வரல,
மத்தியானம் வேல நிக்கல,
மழையில நனஞ்சு கொழுந்து சொமந்தவ
மாண்டது தோட்டத்துக் காதுல விழல!

மேலே மலையில் முதலில் ஒரு பெண் நிமிர்ந்தாள். பிறகு வரிசையே நிமிர்ந்தது. கங்காணி என்னவோ கத்துவது தெரிந்தது. பிறகு அவரும் இறங்கத் தொடங்கினார். தலையில் கயிறு மாட்டிய கூடையோடு பெண்கள் ரப்பர் மரங்களுக்கிடையே வரிசை வரிசையாக வந்தார்கள். ஆற்றுப் பாலத்தில் பால் வாளிகளோடு ஆண்கள் வந்தார்கள். எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி. "யாரு? யாரு வீட்டுல?"

மோட்டார் சைக்கிளில் தலைவர் பாய்ந்து வந்தார். வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே, "யாரு செத்தது?" என்று கத்தினார். யாருக்கும் தெரியவில்லை. ராசு நிறுத்தவில்லை. புவனா கடைசி இரண்டு வரியைத் தலைவரைப் பார்த்தே பாடினாள்.

அடி மாமா, இப்ப அடி,
அவ பேரு பாக்கியம், கேக்க அடி!

தப்பு நின்றது. புவனா மைக்கை இறக்கிவிட்டுச் சொன்னாள்: "எங்கம்மாங்க. எட்டாம் லயம்."

"அவங்க போயி எவ்வளவு காலம் ஆச்சு..." என்று தலைவர் தொடங்கினார்.

"போயிட்டாங்கங்க தலைவரே. யாரும் வரலல்ல."

நான் எதிரொலியைப் பற்றிச் சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தேன். அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் கூடையைத் தலையிலிருந்து கழற்றித் தரையில் வைத்தார். பாக்கியத்துக்குப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவராம். "அடி பாக்கியம், என்னைய அடைச்சுப் போட்டுட்டாங்களேடி, நான் வரணுமின்னுதானே இருந்தேன்" என்று சொல்லி மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அடுத்தவர் கூடையை இறக்கினார். அதற்கடுத்தவர். முற்றம் முழுக்கக் கொழுந்துக் கூடைகள்.

தலைவர் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துக் கால்வரை விட்டார். "மேளம் முன்னுக்குப் போகட்டும்" என்றார் ராசுவிடம்.

ராசு முன்னால் அடித்துக்கொண்டு போக, எல்லோரும் எட்டாம் லயத்துக்கு நடந்தோம். என் கருவி ஓடிக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை நான் எதையும் நீக்குவதாக இல்லை. பாக்கியத்தின் படத்தை எடுத்து வாசலில் நாற்காலியில் வைத்தார்கள். விளக்கு ஏற்றினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் லயத்திலிருந்து ஒரு பெரிய கேத்தலில் பிளேன் டீ வந்தது, ஆளுக்கொரு துண்டு கருப்பட்டியோடு. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் புவனாவின் இரண்டு கைகளையும் பிடித்துவிட்டுப் போனார்கள். சின்னத் துரையும் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அன்றைக்கு மலைக்கு யாரும் திரும்பவில்லை.

கூட்டம் குறைந்தபோது புவனா என்னிடம் வந்தாள். "சார், இதச் சென்னைக்கு அனுப்பாதீங்க. இது அம்மாவோடது. வேற அடி நுவன் மல்லி போட்டுத் தரும்."

பாஸுக்கு வேண்டியது இந்த அடிதான், இது இல்லையென்றால் பாட்டையே எடுக்கமாட்டார் என்று சொன்னேன். சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

"தெரியுங்க" என்றாள். கார்மென்ட்ஸில் எல்லோரிடமும் பாட்டு வரப்போகிறது என்று சொல்லி வைத்திருக்கிறாள் என்பது எனக்கும் தெரியும். பிறகு சொன்னாள்: "எடுக்காட்டி போகட்டுங்க சார். இன்னொண்ணு எழுதறேன். ஆடுறதுக்குன்னே எழுதறேன்." சென்னைக்குப் போன் போட்டு, மழையில் கருவி நனைந்துவிட்டது என்று பாஸிடம் சொன்னேன். அன்று மழை பெய்யவில்லை. அவர் என்னைச் சொன்ன வார்த்தைகளை எந்த ராப்பிலும் சேர்க்கலாம். பதிவை நுவனின் போனுக்கு மாற்றிவிட்டு, என் கருவியில் இருந்ததை அவள் கண் முன்னாலேயே அழித்தேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை, வேலை போய்விடுமோ என்ற பயம் மட்டும் இருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்கு நடந்தேன். வழியில் பீலியடியில் ஆண்கள் வரிசையாக நின்று குளித்துக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து வரும் ஊற்றைத் தகரக் குழாய் வைத்து விழச் செய்திருக்கும் இடம் அது. கொஞ்சம் கீழே பெண்களுக்கு இன்னொன்று. நுவன் யாரோ கொடுத்த சாரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றான். தலைவர் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைக் கூப்பிட்டார்.

"சார், என்னா அப்புடியே போறீங்க?"

"நான் ரூமுக்குங்க. வெளியூர்க்காரன் தானே."

"வெளியூரோ உள்ளூரோ, சாவு வூட்டுக்கு வந்துட்டுக் குளிக்காமப் போகக் கூடாதுங்க. அந்தப் புள்ளயோட அம்மா சாவுக்கு வந்திருக்கீங்க. குளிச்சிட்டுப் போங்க" என்றார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

கீழே பெண்கள் பக்கத்தில் புவனா தலையை முழுகிவிட்டுக் கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தாள். தலைவர் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அங்கேயே கல்லில் உட்கார்ந்து, காலையிலிருந்து ஒரு சொட்டு அழாதவள், வாய் விட்டு அழுதாள். பெண்கள் அவளை அழ விட்டார்கள்.

நான் சட்டையைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குக் கீழே போய் நின்றேன்.